நூற்று அறுபது குறைவு

ஆகஸ்ட் 6

இரண்டு தடவை சீயக்காய் போட்டும் பிரிடின் ரசாயனத்தின் நாற்றம் தலைமுடியை விட்டுப் போகவில்லை. கெட்டுப்போன மீனை மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. பதினோரு வருடமாக இந்த நாற்றத்தோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன். "அம்மிணி, தலைக்கு இன்னொரு தரம் ஊத்திட்டு வா" என்றார் என் வீட்டுக்காரர் லோகு. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். இருபது வருடம் பம்ப்செட் கம்பெனியில் கிரீஸோடு புழங்கும் மனிதருக்கு என் நாற்றம் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு வத்சலா அக்கா மாடியில் துணி காயப்போடும்போது, "நீங்க அப்படி என்னதாஞ் செய்யறீங்க சசி?" என்று கேட்டார். டிஎன்ஏ இழை செய்கிறோம் என்றேன். ரத்தத்திலிருந்தா என்று முகத்தைச் சுளித்தார். இல்லை, மெஷினில் எழுத்தெழுத்தாகக் கோத்துச் செய்வது என்றேன். கேட்பவர்களுக்கு இழையின் நுனியில் ஒரு கொக்கி வைத்துக் கொடுப்போம். ரவிக்கை டிச் பட்டன் மாதிரி. ஒரு பாதி எங்கள் இழையில் இருக்கும், மறுபாதி அவர்கள் வாங்கி வைத்திருக்கும் ஒளிரும் சாயத்தில். செம்பு உப்பை விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இதற்குக் கிளிக் வேதியியல் என்று பெயர். அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. "அட, இவ்வளவுதானா" என்றார்.

இவ்வளவுதான். அதிலும் இன்று ஒரு இழை சொதப்பல். திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றுக்குப் போக வேண்டியது. மூலக்கூறு எடை பார்க்கும் மெஷினில் வைத்தால் கிராஃபில் இருக்க வேண்டியதைவிட நூற்று அறுபது குறைவு. அந்தக் கொக்கியின் எடை சரியாக நூற்று அறுபது. ஆக, இழை இருக்கிறது, கொக்கி இல்லை. பட்டன் தைக்காத ரவிக்கை. செய்தபோது ஏதோ கவனக்குறைவு நடந்திருக்கிறது.

முதலாளி புருஷோத்தமன் சாரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதே ஆர்டர் மார்ச்சுல ஒருக்கா பண்ணிக் குடுத்தோமல்லோ?"

"ஆமாங் சார். அது நல்லா வந்துச்சு."

"அந்த கிராஃப எடுத்து இதுல போட்டு அனுப்பிச்சுரு. அவங்ககிட்ட எடை பாக்கற மெஷின் இருக்குதா?"

"இல்லீங் சார்."

"அப்பறமென்ன. யாரு போட்டது, எவரு போட்டதுன்னெல்லாம் நாங் கேக்கல பாரு."

பேசும்போது பல் இடுக்கில் சிக்கிய கறிவேப்பிலையை நாக்கால் துழாவிக்கொண்டே இருந்தார். எப்பேர்ப்பட்ட மனிதர்.

ஆகஸ்ட் 9

மார்ச் கிராஃபை வைத்துக் கூரியர் போயிற்று. தரச் சான்றிதழை என்னோடு வேலை பார்க்கும் ஹமீதா தட்டச்சு செய்தாள். தரப் பிரிவுக்கு வேறு ஆள் கிடையாது, அதனால் கையெழுத்து என்னுடையது.

கேன்டீன் சாம்பாரில் கரப்பான் கால். "ஓரமா எடுத்து வெச்சுட்டுச் சாப்புடுங்க்கா" என்றான் பரிமாறுகிறவன். என்னோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 21

வாடிக்கையாளர்கள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லும் வேலையையும் சார் என் தலையில் கட்டிவிட்டார். "உனக்குத்தான் பாதி பிஹெச்டி இருக்குதே" என்று சிரிப்பு வேறு. ஆமாம், மூன்று வருடம் செய்தேன். கல்யாணம் வந்தது, விட்டேன். ஊரில் பாதிப் பெண்கள் கதை அதுதான்.

இன்று திருநெல்வேலியிலிருந்து அந்த ஆர்டர்க்காரப் பெண். பெயர் இசக்கிசெல்வி, ஆராய்ச்சி மாணவி.

"மேடம், நீங்க அனுப்புன இழையில சாயம் ஏறவே மாட்டேங்கு. மூணு தடவ செஞ்சு பாத்துட்டேன். நான் எங்கன தப்பு செய்யுதேன்னு தெரியல."

செம்போடு சேர்க்கும் அஸ்கார்பேட் கரைசலைப் புதிதாகக் கலக்கினீர்களா என்று கேட்டேன். நேற்றுக் கலக்கியது என்றாள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், பழையதானால் செம்பு வேலை செய்யாது என்றேன். அது உண்மைதான். எந்தப் புத்தகத்திலும் இருக்கும்.

"அய்யோ, அதானா மேடம்! ரொம்ப நன்றி மேடம்."

ஃபோனைப் பிடித்திருந்த உள்ளங்கை பிசுபிசுவென்று இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஆகஸ்ட் 25

ஞாயிறு. சிங்க் அடைத்துக்கொண்டது. லோகு வாளியை வைத்துக் குழாயைக் கழற்ற, நான் கையை விட்டு அள்ளினேன். சோறு, முடி, டீத்தூள், எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று. அந்த நாற்றத்தோடு நேராக இட்லிக்கு மாவு கரைக்க வேண்டியிருந்தது. லோகு நான்கு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 29

மறுபடியும் அவள். செம்பையும் துணைப்பொருளையும் முதலில் தனியாகக் கலக்கிவிட்டுத்தான் இழையோடு சேர்க்க வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதான். நான் சொன்னதில் இதுவரை பொய் என்று ஒரு வார்த்தை கிடையாது.

எதற்கெடுத்தாலும் நன்றி மேடம், நன்றி மேடம். இந்தக் குழைவு எனக்கு ஆகவே ஆகாது. வாலாட்டிக்கொண்டு பின்னால் வரும் தெருநாயைப் பார்த்தால் வருமே ஒரு எரிச்சல், அது.

செப்டம்பர் 4

இன்று அவள் பேசும்போது பின்னால் ஒரு ஆண் குரல். அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஞானதுரை என்று அப்புறம் சொன்னாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"அதே இழை, அதே சாயம், உனக்கு முன்னால இருந்த புள்ள மார்ச்சுல செஞ்சு படம் எடுத்து வச்சிருக்கா. உனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்கு? கம்பெனிக்காரன் சர்டிபிகேட் குடுத்திருக்கான்லா? அப்ப கோளாறு எங்க இருக்கு?"

அவள் ஃபோனைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள் போல. காற்றுச் சத்தம். "தப்பா எடுத்துக்கிடாதீங்க மேடம். சார் நல்லவங்கதான். கோவத்துல ஏசுதாங்க."

காற்றில் பிராணவாயு கலந்துவிடும், நைட்ரஜனைக் குமிழியாக விட்டுச் செய்து பாருங்கள் என்றேன். அவர்கள் துறையில் நைட்ரஜன் சிலிண்டர் இல்லையாம். பக்கத்துக் கல்லூரியில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

அந்த ஆளை நினைத்தாலே அருவருப்பு. வயசுப் பெண்ணை நாலு பேர் முன்னால் அப்படியா பேசுவது?

செப்டம்பர் 10

சிலிண்டர் கிடைத்ததாம். இரண்டு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அப்படியும் வரவில்லை என்று அழுதாள்.

"தண்ணீராக இருக்கும்" என்றேன். வாயில் வந்தது அதுதான். "உங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். நல்ல ஆய்வகத் தண்ணீர் எங்கேயாவது வாங்கிப் பாருங்கள்."

ஃபோனை வைத்த பிறகு ஹமீதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 24

கொஞ்ச நாளாக அவள் கூப்பிடவில்லை. நிம்மதி.

சார் எனக்கு ஏசி போட்ட தனி அறை கொடுத்திருக்கிறார். முன்பு சாமான் போட்டு வைத்திருந்த இடம். மூலையில் எலி செத்துக் கிடந்திருக்கிறது. பினாயில் விட்டுக் கழுவியும் ஏசி போட்டால் அந்த வாடை கிளம்புகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அறை கொடுத்ததும் குறை சொல்கிறாள் என்பார்கள்.

மாமியாருக்குக் கண் சொட்டு மருந்து வாங்க வேண்டும்.

அக்டோபர் 3

ஹமீதா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு வயது. என்னை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை.

"அக்கா, அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு காலைல கூப்புட்டுச்சு. நீங்க வரல, நான் எடுத்தேன். தண்ணி மாத்திப் பாத்துட்டேன்னு சொல்லுங்கன்னுச்சு. நாகர்கோவில்ல யாரோ தெரிஞ்சவங்க லேப்ல கேன்ல புடிச்சு, பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்துச்சாம். எனக்குப் பேச்சே வரலக்கா."

"பேச்சு வரலைன்னா ஃபோன எடுக்காத."

"நம்மதான சர்டிபிகேட்டு..."

"நம்மன்னு சொல்லாத. சார் சொன்னாரு, நீ டைப் அடிச்ச. உன் வேலைய நீ பாரு."

எழுந்து கதவு வரை போனவள் நின்றாள். திரும்பாமலேயே சொன்னாள்: "மெஷினோட லாக் ரெக்கார்டுல போட்டவங்க பேரு இருக்குங்க்கா. நான் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லல."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூப்பு இளமை தெரிவதில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. டிஎன்ஏ மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. திரையில் குங்குமம் வழிந்து பிசுபிசுத்தது. சார் பட்டு வேட்டியில் வந்து பதினான்கு பேர் முன்னால் பேசினார். "நம்ம கம்பெனிக்கு மூலதனமே தரந்தானுங்க. அத சசி மாதிரி ஆளுக காப்பாத்திட்டிருக்காங்க." எல்லோரும் கை தட்டினார்கள். ஹமீதா தட்டவில்லை. நான் பொரியை வாயில் போட்டுக்கொண்டேன். நமுத்திருந்தது. வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு உள்ளே போகவில்லை.

அந்த நேரத்தில் ஃபோன். பக்கத்தில் சார்.

"மேடம், ஒரே ஒரு உதவி. அந்த டியூப்ப உங்களுக்கே திருப்பி அனுப்பட்டுமா? நீங்க ஒரு தடவ எடை பாத்துச் சொன்னீங்கன்னா போதும். இழையில ஒண்ணும் குத்தம் இல்லன்னு தெரிஞ்சிட்டா நான் மனச தேத்திக்கிடுவேன். என் கைதான் சரியில்லன்னு ஒத்துக்கிட்டுப் போயிருவேன்."

சார் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையசைத்தார்.

"திறந்த டியூபைத் திரும்ப வாங்குவதில்லைங்க" என்றேன்.

"சரி மேடம்." அப்புறம், "மாசக் கடைசிக்குள்ள லெட்டர் குடுத்துருன்னு எங்க சார் சொல்லிட்டாங்க. விலகிக்கிடுதேன்னு எழுதி வச்சிட்டேன். அப்பாகிட்டதான் இன்னும் சொல்லல. நீங்க இத்தன நாளு பொறுமையாப் பேசுனீங்க. அதுக்காவது நன்றி சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமம் கரைத்த தண்ணீரும் விதையுமாகத் தார்ரோட்டில் சிதறிக் கிடந்தது. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். பொரி ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இந்த டைரியிலும் அப்படித்தான் எழுத நினைத்தேன்.

அக்டோபர் 12

ஜூலை 26. மெஷினில் அந்த இழையைப் போட்டது நான்.

கொக்கி வைக்கும் மருந்து சின்னப் புட்டியில், உறைநிலைப் பெட்டியில் இருக்கும். வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். குளிர்ச்சியோடு திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும், மருந்து செத்துப்போகும். புதுப் புட்டியை எடுத்தேன். மணி மூன்றேகால். ஒரு மணி நேரம் காத்திருந்தால் நாலேகால். கம்பெனி வேன் நாலு பத்துக்கு.

மெஷினில் பதினோரு நாளுக்கு முன்பு கலக்கிய பழைய புட்டி மாட்டியிருந்தது. இரண்டு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அந்த வாரம் முழுக்கச் சாரல் மழை, சுவரெல்லாம் வேர்த்துக் கிடந்தது. புதுப் புட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் பழையதிலேயே ஓட்டினேன்.

ஒவ்வொரு எழுத்தும் கோக்கப்படும்போது ஆரஞ்சு நிறம் இறங்கும், சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கடைசியாக வைக்கும் இந்தக் கொக்கிக்கு மட்டும் நிறம் கிடையாது. சேர்ந்ததா இல்லையா என்று மெஷினுக்குத் தெரியாது. போட்டவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் விசேஷமா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. அடுத்த வேன் ஐந்தரைக்கு உண்டு. அதில் ஜன்னலோர இடம் கிடைக்காது.

சார்தான் அனுப்பச் சொன்னார் என்று இவ்வளவு நாளும் அவர் மீது காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அந்த வாத்தியார் மீது துப்பினேன். நன்றி சொன்னதற்காக அந்தப் பெண் மீதே துப்பினேன். முன்னால் எழுதியதை எல்லாம் இன்று புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது ஒருவர் நாறுகிறார்கள், நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். சீ.

நான் ஆராய்ச்சியை விட்டது கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு. அதுவும் இருக்கட்டும்.

அக்டோபர் 14

யாரிடமும் கேட்காமல் அதே இழையைத் திரும்பப் போட்டேன். புதுப் புட்டியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். புட்டி மேல் பனித்துளி கட்டி, மெல்ல வற்றி, காய்ந்தது. ஹமீதா எட்டிப் பார்த்தாள். டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நாளை இழையை அம்மோனியாவில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். அடியில் பாசி.

அக்டோபர் 16

எடை சரியாக வந்துவிட்டது. அந்த கிராஃபையும் ஆகஸ்ட்டில் எடுத்த உண்மையான கிராஃபையும் அச்செடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன். பழைய புட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் போய்க் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஏம்மா, உனக்குப் பேய் கீய் புடிச்சிருக்குதா? புது டியூப்ப அனுப்பிச்சுரு, ஒரு டியூப் இலவசம்னு லெட்டர் வெச்சுரு. முடிஞ்சுது. பழசுல என்ன இருந்துச்சுன்னு எதுக்குச் சொல்லோணும்?"

"அந்தப் பொண்ணு விலகப் போகுதுங் சார்."

"புதுசுல நல்லா வந்துதுன்னா விலகாது."

"அப்பவும் ரெண்டு மாசமா அவ கைதான் தப்புன்னு ஆயிருமுங்."

நாற்காலியில் சாய்ந்தார். என்னையே பார்த்தார். குரல் இறங்கியது.

"சசி, நீதான் போட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். லாக பாத்துட்டுத்தான் உன்னைக் கூப்புட்டேன். பதினோரு வருசமா இருக்கற புள்ள, ஒருக்கா தப்பிருச்சு, காட்டிக் குடுக்க வேண்டாம்னுதான் அந்த வழியச் சொன்னேன். நான் உன்னையத்தான் காப்பாத்துனேன். தெரியுமா?"

தெரியாது. இந்த மனிதரை இரண்டு மாதம் என்னென்னவோ எழுதிவிட்டேன். அவர் செய்தது சரியென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கூசியது.

"நீ போய்ச் சொன்னீன்னா நாளைக்கு வேற எவனும் ஆர்டர் குடுக்க மாட்டான். பதினாலு குடும்பம் இருக்குது. அதையும் நெனச்சுப் பாத்துட்டுப் போ. போனா, திரும்ப வர வேண்டாம்."

நினைத்துப் பார்த்தேன். அதில் ஹமீதாவின் குடும்பமும் ஒன்று. அவளிடம் போய்ச் சொன்னேன். "போய்ட்டு வாங்கக்கா" என்றாள். டியூபை வைத்து ஐஸ் பெட்டியை அவள்தான் கட்டிக் கொடுத்தாள்.

லோகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மெயில்ல சொன்னாப் பத்தாதா?" என்றார். பத்தாது என்றேன். டிக்கெட் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 18

திருநெல்வேலி. ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அவளை நான் கற்பனை செய்திருந்தது வேறு. ஒல்லியாக, நடுங்கும் கையோடு ஒரு பெண் வருவாள் என்று. வந்தவள் நல்ல உயரம், அகலமான தோள். முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைக் கோட்டு. நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது. "மேடம்! நீங்களா! எங்களத் தேடியா வந்தீங்க? உக்காருங்க, காப்பி சொல்லுதேன்."

காப்பி வேண்டாம் என்றேன். கல்லூரி வராந்தாவிலேயே நின்று இரண்டு கிராஃபையும் கையில் கொடுத்தேன். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பழைய புட்டி, வேன், கையெழுத்து.

அவள் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நூற்று அறுபது என்ற வித்தியாசத்தை விரலால் தொட்டாள். அவளுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆகஸ்ட் ஆறு."

"நான் மொத மொத கூப்பிட்டது இருபத்தொண்ணு."

"ஆமா."

"நான் அழுதப்ப?"

"தெரியும்."

அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். செருப்பில் எதையோ மிதித்துவிட்டவர்கள் காலைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"டியூப்ப தாங்க" என்றாள்.

ஆய்வகத்தில் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். என்ன கை அது! ஒரு துளி சிந்தவில்லை, ஒரு அசைவு வீண் இல்லை. நைட்ரஜன் விடவில்லை. அவர்கள் ஊர்த் தண்ணீரைத்தான் எடுத்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஜெல் பலகையில் ஏற்றி மின்சாரம் விட்டு ஓட்டி, புற ஊதா விளக்கின் மேல் வைத்தாள். பச்சையாக ஒரு கோடு, கத்தியால் கீறியதுபோல். பக்கத்தில் பழைய டியூபிலிருந்து போட்ட வரிசை வெறும் இருட்டு.

பேராசிரியர் ஞானதுரை வந்து குனிந்து பார்த்தார். "வந்துட்டுல்லா! நான் சொன்னேன்லா, பொறுமையாச் செஞ்சா வரும்னு."

நான் எழுந்து சொன்னேன். எங்கள் இழையில் கொக்கியே இல்லை, யார் செய்திருந்தாலும் வந்திருக்காது, இவள் கையில் ஒரு பிழையும் இல்லை என்று. அவர் முகம் சிவந்துபோய், கம்பெனி மேல் கேஸ் போடுவேன், பேப்பரில் எழுதுவேன் என்று என்னிடம் கத்தினார். நான் கேட்டுக்கொண்டேன். கத்தி முடித்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார். அவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவளும் அவரை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

விளக்கை அணைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு கெட்டி அட்டை நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். அவளுடைய ஆய்வுக் குறிப்பேடு. தேதி போட்டு, கோடு போட்டு, அச்சடித்த மாதிரி எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு வரி: சசிரேகா மேடம் ஆலோசனைப்படி அஸ்கார்பேட் மாற்றப்பட்டது. சசிரேகா மேடம் ஆலோசனைப்படி தண்ணீர் மாற்றப்பட்டது. கையுறை மாற்றப்பட்டது. டியூப் மாற்றப்பட்டது.

"ஆராய்ச்சிக் கமிட்டி இதத்தான் பாப்பாங்க" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் கீழ எழுதுங்க. இழை சரியில்லன்னு தெரிஞ்சேதான் இதச் சொன்னேன்னு. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். எழுதினேன். ஐந்தாறு தடவை பேசியிருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். பதினொன்று இருந்தது. எட்டாவதில் கை வலித்தது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்து நோட்டை மூடினேன். அவள் வாங்கி முதலிலிருந்து புரட்டினாள். ஒரு பக்கத்தில் நிறுத்தித் திரும்ப என் முன் வைத்தாள்.

"இது விட்டுட்டீங்க."

செப்டம்பர் 19. அந்தத் தேதியில் என் டைரியில் ஒன்றும் எழுதவில்லை. அவள் நோட்டில் அன்றைக்குச் சோதனை எதுவும் இல்லை. கோடு போட்ட தாளில் நடுவே சிவப்பில் ஒரே வரி: 'எல்லாருக்கும் ஆராய்ச்சிக் கை வராது, வேற யோசிச்சுக்கங்க. சசிரேகா மேடம்.'

அன்று ஒரே நாளில் அவள் நான்காவது தடவையாகக் கூப்பிட்டிருந்தாள். எனக்குப் பேச்சை முடிக்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியம் என்னுடையதுகூட இல்லை. இருபத்து மூன்று வயதில் என் ஆராய்ச்சி வழிகாட்டி என்னிடம் சொன்னது, அப்படியே வாயில் இருந்திருக்கிறது.

"இதப் படிச்சிட்டுத்தான் லெட்டர் எழுதுனேன்" என்றாள்.

அதன் கீழும் எழுதினேன். தெரிந்தே சொன்னேன். தேதி. கையெழுத்து. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மை காயும் வரை நோட்டைத் திறந்தே வைத்திருந்தாள். அப்புறம் மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் பையை எடுத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன்.

"மேடம்" என்று கூப்பிட்டாள். திரும்பினேன்.

"பேனா என்னோடது."

விரல் படாதபடி நுனியைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.